வின்டேஜ் கார் சரி... வின்டேஜ் பன் வண்டி? - மாமாவின் மெட்டடாருக்கு பார்ட்ஸ் தேடி அலைந்த கதை!

நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'மெட்டடார்' என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணத்துக்கு இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போனது, வீடு மாறும்போது பீரோவுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தது, பால் வண்டி, பேப்பர் வண்டி, ஸ்கூல் வண்டி என்று ஒரு கதையாவது வரும். என் வயதுக்காரர்களிடம் சொன்னால், "அது என்ன, வீடியோ கேமா?" என்பார்கள். எனக்கு 26 வயது. அந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததற்கு ஒரே காரணம், பட்டாபிராமில் என் மாமா வீட்டுச் சந்தில் 16 வருஷமாக அசையாமல் நின்ற ஒரு மெட்டடார்தான்.

அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, 1974-ல் வாங்கிய வண்டி அது. எங்கள் குடும்பத்துக்கு அது பன் வண்டி. தாத்தா நடத்திய சின்ன பேக்கரியிலிருந்து பன், ரஸ்க், ரொட்டி ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளம்பும். பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி., எஸ்டேட் என்று சி.டி.எச். ரோடு நெடுகிலும் டீக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டே பாடி வரை போகும். ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் டீயில் தோய்த்துச் சாப்பிட பன் இருக்க வேண்டும். ஒருநாள் வண்டி லேட் ஆனால், மறுநாள் கடைக்காரர் வேறு பேக்கரியைப் பிடித்துவிடுவார். அதனால் என் மாமாவுக்கு 20 வயதிலிருந்தே ஸ்டியரிங்கோடுதான் விடியல்.

2009-ல் பேக்கரியை மூடினார்கள். எஃப்.சி. முடிந்ததும் வண்டியைச் சந்தில் நிறுத்தினார் மாமா. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

போன வருஷம் அந்த வீட்டை விற்று உடன்பிறந்தவர்கள் நான்கு பேரும் பங்கு பிரித்துக்கொள்வது என்று முடிவானது. ஆறு மாதத்தில் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இரும்புக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, எடைக்குக் கணக்குப் போட்டு 36,000 ரூபாய் சொன்னார். மாமா, "போட்டுடலாம் பாப்பா. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். ஆனால், வெள்ளிக்கிழமைதோறும் அதன் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அத்தைதான் சொன்னார், "வாய்தான் போட்டுடலாம்னு சொல்லுது. நைட்டெல்லாம் தூக்கம் இல்ல அவருக்கு."

நானும் என் மாமா பையனும் ஒரு முடிவெடுத்தோம். ஒரே ஒரு தடவையாவது அந்த வண்டி ஓட வேண்டும். அதன் பிறகு என்ன செய்வது என்று மாமா சொல்லட்டும்.

'பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்மா!'

திருமுல்லைவாயலில், ஒரு காலத்தில் மெட்டடார் மட்டுமே வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது வீட்டோடு ஒரு சின்ன ஷெட். வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி அங்கே இறக்கினோம். அரைநாள் வண்டிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தவர், எழுந்துவந்து பட்டியலைச் சொன்னார். நான் போனில் டைப் செய்துகொண்டேன். நாலு வீலுக்கும் பிரேக் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார், டீசல் பம்ப், கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங், கதவுகளின் அடித்தகடு.

"இன்ஜின் தப்பிச்சுது. அது மட்டும்தாம்மா நல்ல சேதி" என்றார்.

தப்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. வண்டியோடு வந்த பழைய இன்ஜினை எடுத்துவிட்டு, 90-களிலேயே கம்பெனியின் பிந்தைய டீசல் இன்ஜினை மாமா மாற்றியிருந்தார். மெர்சிடிஸ் பென்ஸ் டிசைனில் இங்கேயே தயாரான இன்ஜின் அது. அதே குடும்பத்து இன்ஜின்கள் பிற்பாடு டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியதால், கேஸ்கெட், பிஸ்டன் ரிங் எல்லாம் இன்னமும் தேடினால் கிடைக்கும். பிரச்னை, இன்ஜினைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்தான்.

ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனோம். தெரு முழுக்க கதவு, பம்பர், கியர் பாக்ஸ் என்று மலைபோலக் குவித்து வைத்திருக்கிறார்கள். மெட்டடார் என்றதும் ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டார். "பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்மா. ஒரு வண்டிக்கு வேணுங்கிற அத்தனையும் இங்கேயே எடுத்து மாட்டியிருக்கலாம். இப்ப யாரும் கேக்குறதில்ல. கேக்காத சாமானுக்கு நான் எதுக்கு வாடகை கட்டணும்? எல்லாத்தையும் உருக்கக் கொடுத்துட்டேன்."

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர்ஸ் விற்கும் கடைகளிலும் இதே பதில்தான். நான்காவது கடையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய கார் வைத்திருப்பவர் அதை ஷெட்டில் போட்டு மூடி வைக்கிறார். கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் எடுக்கிறார். அதனால் கார் பிழைக்கிறது. கேட்க ஆள் இருப்பதால் அதன் பார்ட்ஸும் பிழைக்கிறது. டெலிவரி வேனின் தலையெழுத்து வேறு. ஓட முடிகிறவரை அதை ஓட்டித் தேய்ப்பார்கள். ஓட முடியாத நாளில் எடைக்குப் போய்விடும். வண்டி இல்லாத பிறகு பார்ட்ஸ் எதற்கு?

ஹாம்பர்க்கில் பிறந்தது!

ரிப்போர்ட்டர் புத்தி சும்மா இருக்குமா? வண்டியின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். சரக்கு வண்டி எதைப் பார்த்தாலும் நாம் 'டெம்போ' என்கிறோமே, அது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த ஒரு கம்பெனியின் வண்டிப் பெயர். அவர்களோடு கைகோத்துத்தான் 1958-ல் பஜாஜ் டெம்போ கம்பெனி தொடங்கியது. முதலில் மூன்று சக்கர டெம்போ, பிறகு மெட்டடார். ஸ்பானிஷ் மொழியில் மெட்டடார் என்றால் காளையோடு சண்டை போடுகிறவர். அதே கம்பெனிதான் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஜெர்மனியில் இந்த வண்டியின் உடன்பிறப்பு கை மாறி, கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் பெயரிலேயே விற்கப்பட்டது. அங்கே 1977-ல் அதன் கதை முடிந்துவிட்டது. நம் ஊரில் மெட்டடார் அதற்குப் பிறகும் பல வருஷம் தயாரானது.

மெக்கானிக் பெரியவர் இன்னொன்றும் காட்டினார். மெட்டடாரில் இன்ஜினின் விசை போவது முன்சக்கரங்களுக்கு. பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட் கிடையாது. அதனால் பின்பக்கத் தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது. "பன் ட்ரேவை எவ்ளோ ஒசரம் தூக்கணும்னு பாரு. இடுப்பு வரைக்கும்கூட வேணாம். அதனாலதான் உங்க தாத்தா இதை வாங்குனாரு" என்றார். 71 வயதில் என் மாமாவுக்கு முதுகுவலி இல்லாததற்கு அந்த ஜெர்மன் இன்ஜினீயருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

சென்னைக்கென்றே ஒரு வேனும் இருந்தது. 1948-ல் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஹெரால்டு காரோடு 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேனையும் தயாரித்தது. 80-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது. ஹெரால்டை இன்றும் பழைய கார் அணிவகுப்புகளில் பார்க்கலாம். அந்த வேனை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கிடைக்காவிட்டால் செய்துகொள்!

புதுப்பேட்டையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று மெக்கானிக் பெரியவர் கேட்டார். "கிடைக்கலைன்னா என்னம்மா? செஞ்சுக்க வேண்டியதுதான். எஸ்டேட்டை எதுக்கு வெச்சிருக்கோம்?"

அம்பத்தூரிலேயே வளர்ந்த எனக்கு எஸ்டேட் என்றால் டிராஃபிக், டீக்கடை, ஐ.டி. கம்பெனி பஸ். அவ்வளவுதான். அங்கே உள்தெருக்களில் போனதே இல்லை. 1951-ல் இதே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. 60-களின் தொடக்கத்தில் பக்கத்து பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஆவடியில் டேங்க் தொழிற்சாலை. 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்துதான் வெளியே வந்தது. இந்தப் பெரிய கம்பெனிகளுக்கு போல்ட், புஷ், பிராக்கெட், ரப்பர் சாமான் செய்து கொடுக்க எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கில் சின்ன யூனிட்டுகள் முளைத்தன. ஒரு வண்டிக்கு வேண்டிய எதையும் பத்து கிலோமீட்டருக்குள் செய்துவிடக்கூடிய ஊர் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

முதலில் பிரேக். சிலிண்டருக்குள் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. அதில் புது ரப்பர் போட்டாலும் ஆயில் கசியும். எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில், 45 வருஷமாக லேத் பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். சிலிண்டரைக் கடைந்து துளையைப் பெரிதாக்கினார். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மெல்லிய குழாய் ஒன்றை அழுத்தி இறக்கினார். அந்தக் குழாயை மறுபடியும் பழைய அளவுக்குக் கடைந்து, கண்ணாடிபோல வழுவழுப்பாக்கிக் கொடுத்தார். இதற்கு 'ஸ்லீவ் போடுவது' என்று பெயர். வெளியே 1974-ன் சிலிண்டர், உள்ளே இன்று செய்த சுவர். ரப்பர் கிட்டை வண்டிப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது, அளவு சொல்லிக் கேட்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. "மெட்டடார் கிட் இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். வெர்னியரில் அளந்த அளவைச் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள்!

செல்ஃப் மோட்டார் பாடியிலேயே பிறந்தது. துருவைச் சுரண்டியதும் லூகாஸ் டி.வி.எஸ். பெயர் தெரிந்தது. ஆர்மேச்சரில் புதிதாகக் காயில் சுற்றி, கார்பன் பிரஷ் மாற்றியதும் முதல் தடவையே சுற்றியது. ரேடியேட்டர் அந்தக் காலத்துச் செம்பு, பித்தளை. இந்தக் காலத்து அலுமினியம், பிளாஸ்டிக் ரேடியேட்டர் உடைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். பழையதைப் பிரித்து, அடைபட்ட ட்யூபுகளை மாற்றி, மறுபடியும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். பூந்தமல்லி ரோட்டுப் பட்டறை ஒன்றில் நான்கே நாளில் முடிந்தது. டீசல் பம்ப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து, நாசில் நான்கையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிசெய்தார்கள். கதவின் அடித்தகட்டை டிங்கரிங் அண்ணன் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்தார்.

கண்ணாடி பீடிங்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. மூன்று வாரம் போனது. ரப்பர் யூனிட்டில், "டை செய்யணும், குறைஞ்சது நூறு கிலோ ஓட்டணும்" என்றார்கள். நூறு கிலோ பீடிங்கை வைத்து நாங்கள் என்ன செய்வது? கடைசியில் பழைய பீடிங்கில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பர்ஸில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆபீஸ் போகும் வழியில் எந்த ரப்பர் கடையைப் பார்த்தாலும் இறங்கி, அந்தத் துண்டின் வெட்டுமுகத்தைக் காட்டுவேன். பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அது பொருந்தியது. அடிக்கணக்கில் அளந்து வெட்டிக் கொடுத்தார்கள்.

டிரைவ் ஷாஃப்ட் பூட்டும் அப்படித்தான். இரண்டு பக்க வாயின் அகலம், மொத்த நீளம், எத்தனை மடிப்பு என்று குறித்துக்கொண்டு போய், வேறொரு வண்டியின் பூட்டைப் பொருத்தினோம்.

மொத்தச் செலவு 84,000 ரூபாய். நாங்கள் இரண்டு பேரும் பங்கிட்டுக்கொண்டோம். அத்தை கணக்கில் புலி. "இரும்புக்கடைக்காரன் கொடுக்கறேன்னது 36. நீங்க போட்டது 84. ஆக மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம். இந்த வண்டி ஒரு நாள் ஓடுறதுக்கு!" என்றார். கணக்கு சரிதான். பதில் சொல்ல முடியவில்லை.

சட்டத்தில் இடம் இல்லை

நான் மனதுக்குள் வேறொரு கணக்கு வைத்திருந்தேன். 50 வயதைத் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 வருஷம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரியங்களுக்கு எடுக்கலாம். எங்கள் வண்டி 1974 மாடல். வயது தாண்டிவிட்டது. பதிவு செய்துவிட்டால் மாமா வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரேலியில் ஓட்டலாமே!

விதியை முழுக்கப் படித்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அது இரண்டு சக்கர வண்டிகளுக்கும், ஆட்களை ஏற்றிப்போகும் கார் வகைக்கும் மட்டும்தான். அதுவும் சொந்த உபயோகத்துக்கு இருக்க வேண்டும். இன்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. சரக்கு வண்டி வேறு வகை. அதற்கு இதில் இடம் இல்லை.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. ஒரு ஜமீன்தார் வீட்டுக் கார் பாரம்பரியம் என்றால், எஸ்டேட் முழுக்க டீக்கு பன் கொடுத்த வண்டி எந்தக் கணக்கில் வரும்? 'இன்ஜின் மாற்றக் கூடாது' என்கிற நிபந்தனையும் காருக்குச் சரி. பிழைப்புக்கு ஓடும் வண்டியில் இன்ஜின் போனால் அடுத்த நாள் காலைக்குள் ஏதாவது ஓர் இன்ஜினை ஏற்றித்தானே ஆக வேண்டும்? மாற்றி மாற்றி ஓட்டியதுதான் அதன் வரலாறே.

'டைமிங் கொஞ்சம் லேட்டா இருக்கு'

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை ஷெட்டுக்கு அழைத்துப் போனோம். மெக்கானிக் பெரியவர் சாவியைக் கொடுத்தார். மாமா ஏறி உட்கார்ந்து, முதலில் ஸ்டியரிங்கைத் துடைத்தார். ஹீட்டரைப் போட்டுவிட்டு மனதுக்குள் ஏதோ எண்ணினார். சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு, கறுப்புப் புகையோடு வண்டி உயிர் பெற்றது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மாமா தட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, "டைமிங் கொஞ்சம் லேட்டா இருக்குங்க" என்றார். பெரியவர் ஸ்பானரோடு குனிந்தார். பத்து நிமிஷத்தில் சத்தமே மாறிவிட்டது.

காம்பவுண்டுக்குள் ஐம்பது அடி முன்னால், ஐம்பது அடி பின்னால். ரோட்டில் ஏற்ற முடியாது. இன்ஷூரன்ஸும் எஃப்.சி.-யும் இல்லாத வண்டி. மாமா அதைக் கேட்கவும் இல்லை. நான்கு தடவை போய்வந்து நிறுத்திவிட்டு, "பிரேக் நல்லா பிடிக்குது" என்றார்.

19 வயதில் எங்கள் பேக்கரியில் ட்ரே தூக்க வந்த ஒருவர், இன்று பூந்தமல்லி பக்கத்தில் சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "முதலாளி, என் கடை காம்பவுண்டுல இடம் இருக்கு. வண்டி அங்க நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்க. வாடகை வேணாம், அந்த பேக்கரி பேரை மட்டும் பக்கவாட்டுல மறுபடி எழுதிக்கிறேன்" என்றார். மாமா உடனே சரி என்று சொல்லவில்லை. "பேரை ஸ்டிக்கர்ல ஒட்டக் கூடாது, பிரஷ்ல எழுதணும்" என்றார். அதுதான் சம்மதம் என்று அத்தை மொழிபெயர்த்தார்.

இப்போது மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போகிறார். வண்டி இடத்தை விட்டு அசைவதில்லை. இன்ஜின் மட்டும் பதினைந்து நிமிஷம் ஓடுகிறது. இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா இதுவரை குறை சொல்லவில்லை.

அந்த ஆறு மாதத்தில் என் போனில் ஒரு பட்டியல் வளர்ந்துவிட்டது. மெட்டடாரின் எந்த சாமானுக்கு என்ன அளவு, எதற்கு எது பொருந்தும், எதை லேத்தில் செய்ய வேண்டும் என்று 43 வரிகள். முக்கால்வாசி மெக்கானிக் பெரியவரும் லேத் பெரியவரும் தலையில் வைத்திருந்தவை. இரண்டு பேருமே எங்கேயும் எழுதி வைத்ததில்லை. லேத் பெரியவரின் பையன் பேங்க் வேலையில் இருக்கிறார். "பசங்க இதுக்கு வர மாட்டாங்கம்மா. நீ கேக்குற, நான் சொல்றேன். எழுதிக்கோ" என்றார். உங்கள் வீட்டிலும் பழைய வண்டியோ, தையல் மெஷினோ, கிரைண்டரோ நின்றால், அதை எடைக்குப் போடுவது உங்கள் இஷ்டம். அதைப் பழுது பார்த்தவர் இருந்தால், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. புதுப்பேட்டைக் கடைக்காரர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பேசினார் ஒருவர். அப்பா ஓட்டிய மெட்டடாராம், முன்கண்ணாடி பீடிங் போய்விட்டதாம், எங்கேயும் கிடைக்கவில்லையாம்.

"பழசுல ஒரு துண்டு வெட்டி போட்டோ அனுப்புங்கண்ணா, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு" என்றேன். போட்டோ வந்தது. 17-வது வரியை எடுத்து அனுப்பினேன்.